சித்தியை எந்த வயதில் பார்க்கலாம்

எந்தத் தொடரை எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம் என்று பத்திரிகையில் வாராவாரம் ஊருக்கே தீர்ப்புச் சொல்வது என் பிழைப்பு. வீட்டில் ரிமோட் யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தைத்தான் இன்னும் யாரும் எனக்குத் தரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆசிரியர் போனில் வந்தார். "அந்தப் புதுத் தொடர் பாத்தாச்சா? சாயங்காலத்துக்குள்ள வயசு சொல்லணும்."

"பாத்துட்டேன் சார். பன்னிரண்டுக்கு மேல."

"பன்னிரண்டா? குடும்பக் காமெடிங்க அது. யாராவது யாரையாவது வெட்டுறாங்களா?"

"இல்ல சார். விஷயம் கொஞ்சம் கனம்."

"என்ன கனம்? பழைய தொடர்ல ஒரு வாரம் முழுக்கப் பூனையைத் தேடுனாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க வேண்டியதுதான். நான் பார்த்திருந்ததே முதல் ஏழு நிமிடம்.

பழைய தொடரில் கல்யாணமாகாத ஒரு சித்தி உண்டு. சமைத்தால் தீயணைப்பு வண்டி வரும். பாடினால் பக்கத்து வீடு காலியாகும். ஒன்பது வயதாகும் என் மகளுக்கு அவள் என்றால் உயிர். தொடர் முடிந்ததும் அந்தச் சித்தியை மட்டும் தனியே பிய்த்தெடுத்து, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிவைத்து, புதுத் தொடர் ஆக்கிவிட்டார்கள். அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. பேரைக்கூட மாற்றாமல் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு இரண்டாம் மனைவியாக வந்து மூன்று மாதம். பல் மருத்துவர். மகள் அவளை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுகிறாள். "டாக்டர், என் சாக்ஸ் பாத்தீங்களா?" என்று காலையில் குரல் கேட்டால், அடுத்த நோயாளி யாரென்று திரும்பிப் பார்க்கத் தோன்றும். சித்தி என்ற சொல்லை நானும் எடுப்பதில்லை. எடுத்தால், மகளிடம் அவளுடைய அம்மா இனி வரமாட்டாள் என்பதை இன்னொரு முறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். ஆகவே ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு வயது வரை தடை.

மனைவி பின்னால் நின்று, லேப்டாப்பில் நான் தட்டிவைத்திருந்ததைப் படித்திருக்கிறாள். "பன்னிரண்டா? அப்ப நான் இன்னும் மூணு வருஷம் வாசல்லயே நிக்கணுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பல் மருத்துவருக்குச் சிரிக்கச் சொல்லித்தரவா வேண்டும். கண்கள்தான் கூடச் சேரவில்லை.

"உன்னைச் சொல்லல. பொதுவா…"

"பொதுவாத்தான் நானும் கேட்டேன்."

அதற்குள் மகள் வந்துவிட்டாள். லேப்டாப்பில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து, அவளே ஓடவிட்டாள். மூடலாமென்று கையை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள்.

கதையில் இரண்டு பையன்கள் புதிதாக வந்த சித்தியின் டீயில் உப்பைக் கொட்டினார்கள். அவள் குடித்துவிட்டு முகத்தைக் கோணினாள். பின்னணியில் நூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. நான் திரையை விட்டு அவள் முகத்தையே பார்த்தேன்.

"அப்பா, ஏன் என்னையே பாக்குற? படம் அங்க ஓடுது."

"இல்ல… புரியுதான்னு பாத்தேன்."

"புரியாம என்ன? புதுசா வந்தவங்களை அவனுங்களுக்குப் பிடிக்கல. இதுக்கு எதுக்கு இவ்ளோ சிரிக்கிறாங்க?" பிறகு அந்தப் பக்கம் திரும்பினாள். "டாக்டர், உப்பு டீ குடிச்சா பல்லு கெட்டுடுமா?"

"பல்லுக்கு ஒண்ணும் ஆகாது. மனசு கொஞ்சம் கெடும்."

மகள் திரையில் கோணிக்கிடந்த முகத்தைக் காட்டினாள். "நான் உங்களை டாக்டர்னே கூப்பிடறேன். சித்தின்னா எனக்கு இவ மூஞ்சிதான் ஞாபகம் வருது. பரவாயில்லையா?"

"இவ சமையலையும் என் தலைல கட்டாம இருந்தாச் சரி."

நான் தொண்டையைக் கனைத்தேன். பொறுப்புள்ள தகப்பன் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது.

"உனக்குப் பயமா இருந்தா எந்திரிச்சுப் போப்பா," என்றாள் மகள். "நாங்க பாத்துக்கறோம்."

'நாங்க.' அதற்குள் நான் இல்லை. வேறு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். மனைவி, திரையின் வெளிச்சத்தைச் சரிசெய்பவள்போலக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

சமையலறைக்குப் போய் ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"சார், ஏழு வயசுக்கு மேலன்னு போட்டுடுங்க."

"மத்தியானம் பன்னிரண்டுன்னீங்களே?"

"அது பிள்ளைங்களுக்கு இல்ல சார். அப்பாக்கள் தனியாப் பார்க்க வேண்டாம், பிள்ளைங்க யாராவது கூட இருக்கணும்னு ஒரு வரி சேத்துக்கலாமா?"

"என்னய்யா உளர்றீங்க?"

பதில் சொல்வதற்குள் உள்ளே அடுத்த பாகத்தின் இசை கேட்டது. என்னைக் கூப்பிடாமலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.