நாகமணிக்கு வராத அழுகை

நாகமணிக்கு அழவே தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. டிவி நாடகத்தில் மருமகள் மூக்கைச் சிந்தினால் இவளும் கூடவே சிந்துவாள். அழவேண்டிய ஒன்றுக்கு மட்டும் கண் வறண்டு கிடந்தது. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையுமாம். பாஸ்டர் ஜெயகுமாரும் ஞாயிறுதோறும் கரைத்துத்தான் பார்த்தார்.

"உள்ளம் உடைந்து அழுகிற பாவிக்கு மன்னிப்பு நிச்சயம்!" என்று கொட்டாஞ்சேனை லூத்தரன் ஆலயத்தில் அவர் முழங்கும்போது முன்வரிசையில் கைக்குட்டைகள் எழும்பும். பின்வரிசையில் நாகமணி உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

விஷயம் இதுதான். பாரிசவாதம் வந்து கைகால் விழுந்து படுக்கையில் கிடந்த தங்கை துஷ்யந்தியை வெள்ளவத்தை ஃபிளாட்டில் வருஷக்கணக்காய்க் கழுவித் துடைத்தவள் அவள். ஒருநாள் மாற்றிய படுக்கை உடனேயே மறுபடி நனைந்தபோது, "செத்துத் துலையனடி!" என்று கத்திவிட்டாள். அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே துஷ்யந்தி போய்விட்டாள். சொன்ன சொல்லுக்கு நாகமணி வருந்தினாள். ஆனால் அடக்கம் முடிந்து வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததே, அதற்கு அவளால் வருந்த முடியவில்லை. கடவுளிடம் நடிக்கவும் மனமில்லை. ஆகவே பீடத்தின் முன் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

திருவிருந்து எடுப்பவர்கள் முதல்நாள் சனிக்கிழமை பாஸ்டரிடம் பெயர் கொடுக்கவேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். தோய்த்து மடித்த பீடத்துணிகளோடு நாகமணியும் அன்றுதான் வருவாள். துணியைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுவாள். இந்தச் சனிக்கிழமை பாஸ்டர் விடவில்லை.

"அக்கா, பேர் போடட்டே?"

"வேண்டாம் பாஸ்டர்."

"எப்பவும் வேண்டாம் எண்டா எப்பிடி? என்ன பிரச்சினை?"

நாகமணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்தவர் கனிவாக, "காலம் போக அழுகை வரும் அக்கா, ஜெபம் பண்ணுங்கோ" என்றார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வராமலே நான் செத்தா? அழுதவைக்குத்தான் மன்னிப்பெண்டு நீங்கதானே சொன்னனீங்கள்!"

பாஸ்டரின் முகம் கறுத்தது. பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"பிழை என்ரதான்" என்றார். "சனத்தின்ர மனசைத் தொடப் போய், இயேசுவை நம்பச் சொல்லவேண்டிய இடத்தில உங்கட கண்ணீரை நம்பச் சொல்லிப்போட்டன்."

எழுந்து அவள் தலைமேல் கையை வைத்தார். "உங்களுக்காகச் செத்தவரின்ர பேரில சொல்லுறன். உங்கட பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டாச்சு."

"நான் இன்னும் அழேல்லையே!"

"ஓம். அழாமலே மன்னிக்கப்பட்டாச்சு. நம்புங்கோ."

நம்புவது அழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும், "பேரைப் போடுங்கோ" என்றாள்.

மறுநாள் பாஸ்டர் முழங்கவில்லை. இதுவரை பிழையாகக் கண்ணீர் கேட்டேன், கிறிஸ்து அதைக் கேட்கவில்லை, வெறுங்கையோடு வாருங்கள் என்று சொல்லி முடித்தார். "இண்டைக்குப் பிரசங்கத்தில உப்பில்லை" என்று முன்வரிசை முணுமுணுத்தது.

நாகமணி பீடத்தின் முன் முழங்காலிட்டாள். "இது உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது" என்று பாஸ்டர் அப்பத்தை நீட்டினார். துஷ்யந்தி போனதில் வந்த நிம்மதி அப்போதும் நெஞ்சுக்குள் இருந்தது. அதை ஒளிக்காமல் வாயைத் திறந்தாள்.