வெங்காயத்தோல் நிறமும் நழுவிய கண்ணியும்

எங்கள் வீட்டில் சமைப்பதற்கு இப்போது இரண்டே பாத்திரங்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் நூல் வேகிற பாத்திரங்கள். பெரிய குக்கரில் வெங்காயத்தோல், அலுமினிய அண்டாவில் மாதுளை ஓடு, என் கல்யாணத்துக்கு என் வீட்டில் கொடுத்த எவர்சில்வர் பானையில் போன வாரத்திலிருந்து ஊறிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று. அது என்ன என்று கேட்டால் என் ஓரகத்திக்கு முகம் மாறிவிடும்.

"பொறுமையா இரும்மா. இயற்கை அவசரப்படாது" என்பாள்.

இயற்கைக்கு என்ன, அதற்கு எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்புகிற புருஷன் இல்லை. ஓரகத்தி என் புருஷனின் அண்ணி. நேரில் 'அக்கா, வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்படிப் பேசுகிறேன் என்பது என் சொந்த விஷயம்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எந்த நேரத்தில் இயற்கைச் சாயம் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்தாளோ, அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். கடைச் சாயம் விஷம், கம்பளி நூலை வீட்டிலேயே இலை, தோல், பூ போட்டுத்தான் நனைக்க வேண்டும். முதல் தடவை நூலைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்படியே தூக்கிப் பச்சைத்தண்ணீரில் போட்டாள். கம்பளிக்கு அந்த மாதிரி அதிர்ச்சி ஆகாது. ஒரு மஃப்ளருக்கான நூல் சுருங்கி, இறுகி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டியாக வந்தது. இன்றைக்கும் சூடான பாத்திரம் இறக்க அதைத்தான் பிடிக்கிறோம். பீட்ரூட் போட்டாள். ரோஜா நிறத்தில் வந்ததைப் பார்த்து ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பினாள். இரண்டு அலசலில் அது பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்கு 'மங்கிய காலை' என்று பெயர் வைத்தாள்.

பெயர் வைப்பதில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. என்ன போட்டு வேகவைத்தாலும் கடைசியில் மண் நிறத்தில்தான் வரும். ஒரு மண்ணுக்கு 'அந்தி மயக்கம்', இன்னொரு மண்ணுக்கு 'காட்டுத் தேன்', மூன்றாவதற்கு 'முதல் மழை'. என் வீட்டுக்காரர் மூன்றையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் காக்கிதானே?" என்றார். அன்றைக்கு அவருக்குக் காபி வரவில்லை.

மஞ்சளில் நனைத்த ஸ்வெட்டரைப் பெரியவர், அதாவது என் புருஷனின் அண்ணன், ஆபீசுக்குப் போட்டுப் போனார். வரும்போது கழுத்தும் மணிக்கட்டும் மஞ்சள். ஸ்வெட்டரைச் சோப்புப் போட்டுத் துவைத்ததும் நெஞ்சில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது சமையலறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். அதை மறுபடி போட்டு வெளியே போனார்; அடிபட்டுவிட்டதோ என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள்.

"உயிருள்ள நிறம். மாறத்தான் செய்யும்" என்றாள் அக்கா.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த நூல்களை ஸ்வெட்டராகப் பின்னுவது நான். அவளுக்கு ஊசியில் நூலை வளைத்து ஒரு கண்ணிகூடப் போடத் தெரியாது. போட்டோவுக்காக ஊசியைப் பிடிப்பாள், அதுவும் கூர்முனை இருக்கவேண்டிய பக்கம் கொண்டையை வைத்து, தலைகீழாக. ஒரு ஸ்வெட்டருக்கு எனக்கு நாற்பது நாள் ஆகும். முடித்ததும் கழுத்துக்குப் பின்னால் ஒரு துணித் துண்டு தைப்பாள்: 'நிறமும் கைவேலையும்' என்று போட்டு, கீழே அவள் பெயர். பார்க்க வருகிறவர்கள் பின்னலைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள்.

"எப்படிங்க இவ்வளவு நேர்த்தியா வருது?"

"எல்லாம் பொறுமைதாங்க" என்பாள். அந்த நேரத்தில் நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் கடைவீதியில் இருக்கிற கம்பளிக்கடை அம்மா, குளிர்காலத்துக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதாகத் தகவல் வந்தது. வாரத்தில் மூன்று மதியம். கடைக்கு மேலே ஓர் அறை. நீள மேஜை, இரண்டு ஜன்னல், பன்னிரண்டு பெண்கள். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டும். பட்டென்று சொல்லிவிடுகிறேன்: வேறு எதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. பதினோரு வருஷமாக இந்த வீட்டில் நான் சின்னவள். ஒரே ஒரு அறையில், வாரத்துக்கு மூன்று மதியம், நான் டீச்சராக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஸ்வெட்டர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, கடைக்கார அம்மா வியாழக்கிழமை வந்து பின்னலைப் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். அந்த வேலை தனக்குத்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

"நீயும் கூட வா. நூல் சுத்திக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல" என்றாள், பெரிய மனசோடு.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"வர்றவங்ககிட்ட நீதான் பின்னினேன்னு சொல்லிடு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத" என்றார். இந்த வீட்டு ஆண்களின் வீரம் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை கடைக்கார அம்மா வந்தார். கனத்த உடம்பு, கயிற்றில் தொங்கும் கண்ணாடி, அளந்து பேசுகிற வாய். அக்கா அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் வெங்காயத்தோலின் மகிமையைச் சொன்னாள். அவர் ஒரு காதில் வாங்கிக்கொண்டே ஸ்வெட்டர்களைத் திருப்பித் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். உள்பக்கம் பார்க்கிறவருக்குத் தொழில் தெரியும்.

"பின்னினது யாரு?"

"நான்தாங்க. இவ கூடமாட உதவி செய்வா" என்றாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். பயம் இல்லை, கோபம். அவள் வாயாலேயே அது வரட்டும், அவளே சொல்லட்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

"போன வருஷம் ஒருத்தங்க மெஷின் பின்னலக் காட்டி என்னை ஏமாத்திட்டாங்க" என்றார் கடைக்கார அம்மா. என் கூடையிலிருந்த பாதி ஸ்வெட்டரை ஊசியோடு எடுத்தார். நடுவிலிருந்து ஒரு கண்ணியை ஊசியைவிட்டு நழுவவிட்டு, இரண்டு வரிசை கீழே இழுத்துவிட்டார். அக்காவிடம் நீட்டினார். "இத மறுபடி ஊசிக்கு எடுத்துக் குடுங்க."

எனக்குக் குத்தியது போலிருந்தது. அக்கா வாங்கினாள். கண்ணாடி இல்லை என்றாள், வெளிச்சம் போதவில்லை என்றாள். ஊசிமுனையால் நோண்டினாள். பக்கத்தில் இன்னும் மூன்று கண்ணி விழுந்தது. பதறிப்போய் இழுத்தாள். ஏணி மாதிரி கீழே கீழே பிரிந்துகொண்டே போனது.

கடைக்கார அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எடுப்பீங்களா?"

இதோ, தட்டில் வைத்துக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "பின்னினவங்கதானே எடுக்கணும்" என்றேன்.

எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது சொல்லி முடிக்கும்போது. அக்காவின் மூக்கு சிவந்தது. பிரிதல் நெஞ்சுப் பட்டையைத் தாண்டி இறங்கியது. என் இருபத்துமூன்று வரிசை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அவமானத்தை வேடிக்கை பார்க்கிற ருசியில் என் வேலை கண்ணெதிரே பிரிவது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, நான்தாங்க பின்னினேன். எல்லாமே நான்தான்."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பின்னின கை சும்மா இருக்காதும்மா. உங்க கண்ணு முன்னாடி அத்தனை வரிசை பிரிஞ்சு போச்சு, நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க" என்றார். "யாரு பின்னினதோ எனக்குத் தெரியல. கண்ணி விழறதப் பாத்துக்கிட்டு இருக்கிறவங்களை வெச்சு நான் எப்படிச் சொல்லிக்குடுக்கிறது?"

தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். அக்கா ஸ்வெட்டரை என் மடியில் போட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, உண்மையான வருத்தம்தான்.

"ஏம்மா, நீதான் பின்னினேன்னு அவங்க கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

கொக்கி ஊசியை எடுத்து, கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றினேன். நான்கு கண்ணியும் ஊசிக்கு வந்துவிட்டன. விழுந்த இடம் எது என்று இனிமேல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மொத்தமும் ஐந்து நிமிஷ வேலை.