ஜெய்சல்மேருக்கு ஐந்து படம்

திருச்செங்கோட்டிலிருந்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடப் போகிற ரிக் லாரிக்காரர்களிடம் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும், அங்கே எத்தனையாவது அடியில் தண்ணீர் என்று சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் டீக்கடை எப்படி என்று சொல்வார்கள். சென்னியப்பன் ஒருத்தன்தான் விதிவிலக்கு. ரிக்கில் ராடு இறக்குகிற டிரில்லர் வேலை. எட்டு வருஷத்தில் பீஜப்பூர், பீதர், மாண்டு, சித்தூர்கர், உதயப்பூர் என்று பதினோரு பழைய ஊர்களைக் கால் தேய நடந்து பார்த்திருந்தான். பார்த்ததோடு விடாமல் படமும் எடுத்திருந்தான். சேலத்தில் வாங்கிய பெட்டிக் கேமரா ஒன்று எப்போதும் அவன் துணிப்பைக்குள் வேட்டி சுற்றிக் கிடக்கும்.

படம் எடுப்பது அவன் ஆசைக்காக மட்டும் அல்ல. அதற்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 1975இல் முதல்முறை ரிக்கில் போகிறேன் என்றபோது அவன் மனைவி சௌந்திரம் மறித்து நிற்கவில்லை. எலச்சிபாளையத்துப் பக்கம் அவர்கள் தோட்டத்தில் இரண்டு எருமைகள். அவை அவள் கையைத் தவிர வேறு கைக்குச் சொட்டுக்கூடப் பால் விடாது. ஒரு ராத்திரி வெளியூரில் தங்க அவளுக்கு வழியில்லை. அதனால் அவள் சொன்னது இது:

"போறது போங்க. ஆனா போற ஊரை எனக்கும் கொண்டாந்து காட்டோணும். நீங்க மட்டும் உலகத்தைச் சுத்திப்போட்டு வந்து திண்ணுபோட்டுப் படுக்கறதுன்னா, அடுத்த வருசம் தாட்டிவிட மாட்டன்."

வாயால் சொல்லிவிடலாம் என்றால் அந்த வாய் சென்னியப்பனுக்கு வாய்க்கவில்லை. "பீஜப்பூர் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லாருந்துச்சு" என்பான். "பெருசுங்களா?" என்றால், "பெருசுதான்" என்பான். அதோடு சரி. அதனால்தான் கேமரா வந்தது.

முதல் சுருளைக் கழுவிக் கொண்டுபோய்க் காட்டியபோது சௌந்திரம் உதட்டைப் பிதுக்கினாள். பன்னிரண்டு படத்திலும் கும்மட்டம், தூண், கும்மட்டம்.

"என்னங்க இது, பந்தி முடிஞ்ச எலையாட்ட அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் கெடக்குது. நான் எங்கீங்க காலை வெக்கறது?"

அன்றைக்குப் பிடித்தான் ஒரு முறையை. முதல் படம் பஸ் இறக்கிவிடுகிற இடம். அந்தப் படத்தில் தூரத்தில் கடைசியாக என்ன தெரிகிறதோ, அங்கே போய் நின்று இரண்டாவது படம். அதில் தெரிகிற கோடியில் மூன்றாவது. இப்படிக் கோர்த்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது படத்தில் ஊர் முடிந்திருக்கும். தை மாதம் வீட்டுக்கு வந்ததும் படங்களைத் தரையில் வரிசையாக வைப்பான். சௌந்திரம் அவற்றின் ஓரமாகக் குனிந்து குனிந்து நடந்து போவாள். "இந்தச் சந்துல திரும்புனா எங்க போகும்? இவங்க தண்ணிக்கு எங்க போறாங்க? இந்தப் பொம்பள ஏன் இப்படி மொறைக்கறா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு மணி நேரத்தில் ஊரைப் பார்த்து முடிப்பாள். அடுத்த வருஷம் போக அனுமதி கிடைத்துவிடும்.

1983ஆம் வருஷம் புரட்டாசி கடைசியில் ரிக் ஜெய்சல்மேருக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வருஷம் மழை பார்க்காதது போல வறண்ட பூமி. நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் கோட்டை, கோட்டைக்குள்ளே ஊர். ஜனங்கள் இன்னும் குடியிருக்கிற கோட்டையை அவன் அதுவரை பார்த்ததில்லை. இதைச் சௌந்திரம் நடந்து பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேலை இல்லை. ஏழு படம் எடுத்தான். பஸ் நிற்கிற இடம், ஏரிக்கரை வளைவு வாசல், ஏரிக்குள் நிற்கிற கல்மண்டபம், கடைத்தெரு, கோட்டையின் முதல் வாசல், ஏற்றத்தில் ஒரு திருப்பம், நாலாவது வாசல். அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மீதி ஐந்தைப் பூஜைக்கு மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம். மத்தியானம்தான் லாரிகள் பார்மேர் ரோட்டுக்குக் கிளம்புகின்றன. பூஜையன்று விடியற்காலையில் உட்கார்ந்து சௌந்திரத்துக்குக் கடிதம் எழுதினான். 'உன்னைக் கோட்டை நாலாவது வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். மீதி நாளைக்கு. எருமைக்குப் பருத்திக்கொட்டை வாங்கி வைக்கவும்.' பண்டிகை நாளிலும் தபால் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்ட பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, ஏரியில் குளித்துவிட்டு, மத்தியானம் லாரிப் பக்கம் திரும்பினான்.

அங்கே பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. இதற்குத் தலைமை கந்தப்பன். கம்ப்ரஸர் லாரி டிரைவர், சௌந்திரத்துக்குப் பெரியப்பன் மகன், சென்னியப்பனுக்கு மச்சான். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். கந்தப்பன் வாயை வைத்துக்கொண்டு வங்காளம்வரை போனவன், ஆனால் எந்த ஊரையும் பார்க்காதவன். ஊர் வந்தால் லாரிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவான். பூஜையில் மட்டும் அவனை மிஞ்ச ஆளில்லை. வாழைக்கன்று கிடைக்காத ஊரில் கம்பந்தட்டைக் கட்டியிருந்தான். பூசணிக்குப் பதில் ஒரு தர்ப்பூசணி குங்குமத்தோடு காத்திருந்தது. இரண்டு லாரிக்கும் பானெட்டைத் திறந்து, இன்ஜின்மேல் விபூதிப் பட்டை. மூடி வைத்த மிஷினுக்குப் பூஜை பண்ணினால் அதுக்குப் போய்ச் சேராது என்பது அவன் கட்சி.

ஹேமர், பிட், ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் சாக்கின்மேல் வரிசையாக இருந்தன. கடைசியில், மாலை போட்டு, சந்தனமும் குங்குமமுமாகக் கேமரா. அதன் முதுகுக் கதவு விரியத் திறந்திருந்தது.

சென்னியப்பனுக்குக் கால் நின்றுவிட்டது.

"மச்சா... இதை ஆருங்க தொறந்தது?"

"நாந்தான் மாப்ளே. உம்பட ஆயுதத்தை மட்டும் உட்டுப்போட முடியுமா? உள்ள பாரு, எத்தனை சுத்தமா வெச்சிருக்கறன். ஒரு பக்கத்துக் கட்டைல சுத்தியிருந்த காயிதம் பூராவும் மண்ணு. வெளிய இழுத்து, வெயில்ல நல்லா விரிச்சு, துணி போட்டுத் தொடைச்சு, விபூதி காட்டி, பழையபடி இறுக்கமாச் சுத்தி வெச்சுட்டன். இன்னொரு கட்டை புதுசாட்ட இருந்துச்சு, அதைத் தொடுல."

எடுத்து முடித்த ஏழு படமும் அந்த மண் படிந்த கட்டையில்தான் இருந்தன. கழுவுகிறவரை பொட்டு வெளிச்சம்கூடப் படக்கூடாதவை. பாலைவனத்து உச்சி வெயிலில் கந்தப்பன் அவற்றை விரித்துத் துடைத்திருந்தான்.

பூஜை நாளில் சாமிக்கு முன்னால் கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டே விபூதி வாங்கினான், பொரி தின்றான். தர்ப்பூசணி உடைந்து சிதறியபின்தான் விஷயத்தைச் சொன்னான். கந்தப்பன் முகம் சுருங்கியது.

"வெளிச்சம் பட்டா அழிஞ்சுருமா? வெளிச்சத்துலதான மாப்ளே படமே புடிக்கற?"

"ஆமாங்க மச்சா. அது அப்படித்தான்."

"அடக் கெரகமே! வேற சுருள் வாங்கிக்கலாம், வா."

போனார்கள். இருந்த ஒரே ஸ்டூடியோவில் தசராவுக்கு எல்லாச் சுருளும் தீர்ந்துபோயிருந்தது. நாலு நாள் ஆகும் என்றான் கடைக்காரன். திரும்பி வருகிற வழியில் சென்னியப்பன் தபால் பெட்டியை ஒரு தரம் பார்த்தான். கடிதம் போய்விட்டது. நாலாவது வாசல்வரை கொண்டுவந்தேன் என்று எழுதியாயிற்று. எட்டு வருஷத்தில் அவன் எழுதி நடக்காதது எதுவும் இல்லை. தொடாத கட்டையில் காகிதச் சுற்றுக்குள் பத்திரமாக ஐந்து படம் மிச்சம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தால் கோட்டை வாசலோடு ஊர் முடிந்துபோகும். கோட்டைக்குள் ஐந்தையும் எடுத்தால், சௌந்திரம் வானத்திலிருந்து குதித்தது போல நடு ஊரில் போய் விழுவாள்.

"வாயில சொல்லிக்க மாப்ளே. ஏழு எடந்தான?"

"எம்பட வாயிலீங்களா?"

கந்தப்பன் யோசித்துப் பார்த்தான். துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே லாரிப் பக்கம் நடந்தான்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் சென்னியப்பன் லாரிக்கடியில் குனிந்து துண்டை உருவினான். "எந்திரிங்க மச்சா. அந்த ஏழு எடத்தையும் நீங்கதான் சௌந்திரத்துகிட்டக் கொண்டுபோயி எறக்கோணும்."

"நானா? எனக்குக் கேமரா புடிக்கத் தெரியாது சாமி!"

"கேமரா வேண்டாம். கண்ணு போதும். வாயிக்குத்தான் உங்களுக்குக் கொறையில்லையே."

பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் அவனை நிறுத்தினான். "அசையாதீங்க. என்ன தெரியுது?"

"பஸ்ஸு."

"அப்பறம்?"

"மண்ணு."

"மச்சா, சௌந்திரம் கேப்பா. இடது பக்கம் என்னன்னு கேப்பா. டீ விக்கறவன் தலைல என்ன நெறத்துல முண்டாசுன்னு கேப்பா."

கந்தப்பன் கொட்டாவி விட்டபடியே பார்த்தான். ஏரிக்கரை வளைவுக்கு வந்தபோது கொட்டாவி நின்றது. ஏரிக்குள் கல்மண்டபம் தண்ணீரில் தலைகீழாக நின்றதைப் பார்த்துத் தானாகவே கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான். "இத்தனை தண்ணி இங்க இருக்குதே மாப்ளே, அப்பறம் என்னத்துக்கு நாம எறநூறு முந்நூறு அடி ஓட்டறோம்?" என்றான். கடைத்தெருவில் ஓர் ஒட்டகம் அவன் தோளில் மூச்சு விட்டது. முதல் வாசலில் ஒருத்தி, தன் வீட்டு வாசலை இத்தனை நேரம் உற்றுப் பார்க்கிறானே என்று திட்டித் தீர்த்தாள். கந்தப்பனுக்குத் தெரிந்த இந்தி 'சலோ, டீசல், பானி' மூன்றுதான். மூன்றையும் சொல்லிக் கும்பிட்டான். அவள் சிரித்துவிட்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

நாலாவது வாசலில் உள்ளே இழுக்கிற காற்று அடித்தது. கந்தப்பன் துண்டை அவிழ்த்து நெஞ்சைக் காட்டி நின்றுகொண்டு, "எட்டு வருசமா நான் லாரிக்கடிலயே படுத்துக் கெடந்திருக்கறன்டா மாப்ளே" என்றான். சென்னியப்பன் கேமராவை எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த சந்தனத்தை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, எட்டாவது படத்துக்கு நடந்தான். அரண்மனை முற்றம், வளைந்த சந்து, கோயில் வெளிப்புறம், பீரங்கி இருக்கிற மதில், கீழே இறங்கினால் ஜன்னல் ஜன்னலாகச் செதுக்கிய ஒரு மாளிகை. பதினோரு மணிக்குள் ஐந்தும் முடிந்தது.

தை பிறந்தது. திருச்செங்கோட்டில் கழுவிக் கொடுத்த ஐந்து படமும் பழுதில்லாமல் வந்திருந்தன. மற்ற ஏழும் வெறும் வெள்ளை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் கந்தப்பனும் வந்தான். சௌந்திரம் தரையைக் கூட்டிவிட்டு, ஐந்து படத்தையும் சுவரோரமாக வைத்தாள். கதவு வரைக்கும் நீளமாக வெற்றுத் தரை.

"என்னங்ணா, எம்பட ஊரை வெயில்ல காயப் போட்டுட்டீங்களாமா?"

"காயப் போட்டன் அம்மிணி. அதுக்குத்தான் இப்ப ஒண்ணொண்ணா எடுத்துத் தாரேன். வா, பஸ்ஸுல இருந்து எறங்கு."

கதவுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டுக் கந்தப்பன் ஆரம்பித்தான். கல்லெல்லாம் காய்ச்சி இறக்கிய புது வெல்லத்தின் நிறம் என்றான். சௌந்திரம் கண்ணை மூடித் திறந்தாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவளுக்கு இதுவரை எந்த ஊரின் நிறமும் தெரிந்ததில்லை. ஒட்டகத்தின் மூச்சு ஊறவைத்த புண்ணாக்கு வாசம் என்றான். திட்டியவளைப் போலவே இடுப்பில் கைவைத்துத் திட்டிக் காட்டினான். சௌந்திரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கோட்டை முதல் வாசலுக்கு வரும்போது கந்தப்பனுக்கு ஊக்கம் கூடிவிட்டது.

"வாசல்னா வாசலு! நம்ம சங்ககிரி மலையைத் தூக்கி அதுக்குள்ள உட்டா அக்கட்டால போயிரும். வலது பக்கம் ஏழு ஆனை நிக்குது, கல்லுல."

சௌந்திரம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"ஆனை இல்லீங்க மச்சா" என்றான் சென்னியப்பன்.

"இருந்துச்சு மாப்ளே!"

"வலது பக்கம் ஒரு செருப்புத் தைக்கறவரு உக்காந்திருந்தாரு. அவரு தலைக்கு மேல செவுத்துல குண்டுக் கல்லு அடுக்கியிருந்துச்சு, மேல இருந்து எதிரி தலைல உருட்டறதுக்கு. அதுல ஒண்ணு மேல புறாக் கூடு. வாசக் கதவு இரும்பாணி அடிச்சது, ஆனை முட்டித் தொறக்காம இருக்கறதுக்கு. ஆனையே இல்ல, ஆனைக்குப் பயந்த கதவுதான். அங்கிருந்து பாதை இடக்கைப் பக்கமாச் சுத்தி ஏறும். கல்லு வழுவழுன்னு இருக்கும், செருப்பைக் கழட்டிரோணும்..."

சௌந்திரம் அசையாமல் நின்றாள். எட்டு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை.

"இடக்கைப் பக்கமில்ல, வலக்கை" என்றான் கந்தப்பன்.

"இடக்கைங்க. வெயிலு நம்ம முதுகுல இருந்துச்சு."

"மூஞ்சில அடிச்சுது மாப்ளே, எனக்குக் கண்ணே கூசுச்சு!"

"நீங்க கீழ ஒட்டகத்தைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு வந்தீங்க. அதுனால கூசுச்சு."

தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டு இருவரும் சண்டை போட்டார்கள். சௌந்திரம் செருப்பில்லாத காலை ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து அந்தக் கோட்டோடு ஏறினாள். ஒரு திருப்பத்தில் நின்று, "இங்க மூச்சு வாங்குதுங்ளே, உக்கார எடமிருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது, ஒரு வேப்பமரத்தடி என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இரண்டாவது வாசல் தாண்டியது, மூன்றாவது தாண்டியது. நாலாவது வாசல் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், வெளியே கட்டுத்தறியில் எருமை கத்தியது. மணி நாலரை.

சௌந்திரம் பால் சட்டியை எடுத்துக்கொண்டாள். கதவுவரைக்கும் போய்த் திரும்பினாள்.

"பீச்சிப்போட்டு வந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. நாலாவது வாசலைத் தாண்டி ஒரு அடி எடுத்து வெக்கப்படாது, சொல்லிப்போட்டன்."

அவர்கள் கோட்டின் நுனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கந்தப்பன் துண்டால் விசிறிக்கொண்டே, "இங்க காத்து நல்லா வருது மாப்ளே" என்றான்.