மையத்து முட்டை

ஊரில் எல்லாரும் அவரைச் 'சாமர்த்தியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

போன தடவை அவர் வீட்டில் வந்த பட்டுக்கூடுகள் வெள்ளை வெளேரென்று, எல்லாம் ஒரே அளவு. நூல் எடுக்கும் அக்காவே அசந்துபோய், "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இனிமே வருஷம் முழுக்க உங்க வீட்டுக் கூடுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். புழு வளர்ப்பது மனைவி. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

முட்டை வாங்கி வருவது மட்டும் இவர் வேலை. பட்டுப்புழு முட்டை விற்கும் மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இவ்வளவு நல்ல கூடு வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு அலைச்சல்? மனுஷர் இருபது கூட்டை ஒளித்து வைத்தார். பூச்சி வெளியே வந்தது, ஜோடி சேர்ந்தது, காகிதத்தில் முட்டையிட்டது. அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இடிபட்டு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்து விசிறியும் விட்டாள். கூச்சமே இல்லாமல் வாங்கிக் குடித்தார்.

புழு பொரிந்ததிலிருந்தே கோளாறுதான். ஒன்று தின்னும்போது இன்னொன்று தோலுரிக்கப் படுத்துக்கொண்டது. கடைசியில் வெள்ளை, மஞ்சள், பச்சை என்று கூடு கட்டின. கட்டைவிரல் அளவில் ஒன்று, கடலை அளவில் ஒன்று.

"ஈர இலையைப் போட்டுட்டேனோ? புழுத் தட்டை சரியா சுத்தம் பண்ணலையோ?" மனைவிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. "என் கை ராசி அவ்வளவுதாங்க. தட்டெல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடுங்க."

"வெயில் ஜாஸ்தி, விடும்மா" என்றார் இவர்.

நாலாம் நாள் அக்கா வந்தாள். கொதிக்கும் நீரில் கூடுகளைப் போட்டு நூல் நுனியைத் தேடி இழுத்தாள். நாலு சுற்று வந்து அறுந்தது. அடுத்ததும் அறுந்தது.

"முட்டை எங்க வாங்கினீங்க?"

"மையத்துலதான். இவரே நேர்ல போய் வாங்கிட்டு வந்தாரு. அவர் மேல தப்பில்லக்கா, நான்தான்..." என்றாள் மனைவி.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "அது மையத்து முட்டை இல்ல!" என்று கத்தினார். "நான் போட்ட முட்டை!"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தனை போட்டீங்க?"

திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போன தடவை மையத்துல வாங்கினது ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த புழு அண்ணே. ஒரு தலைமுறைக்குத்தான் ஒண்ணுபோல வரும். அதுலயே மறுபடி முட்டை எடுத்தா ஒண்ணு தாத்தா ஜாடை, ஒண்ணு பாட்டி ஜாடை. இதுங்களைக் கூடு கட்ட வச்சதே இவ கெட்டிக்காரத்தனம். மையத்து முட்டையை வளர்த்துட்டுக் கூப்பிடும்மா, வர்றேன்."

"அப்ப என் கையில தப்பு இல்லையா?" மனைவி இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது.

"மூணு நாளா நான் அழுததைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினார்.