விகோ எழுதிய இரண்டு பக்கம்

அரசர் தலைமை தாங்கும் வீரப்பட்டக் குழாமின் அலுவலகத்தில் டோவாவுக்கு ஒரே வேலைதான். பட்டம் பெற்றவர் இறந்தால் அவருடைய வெள்ளிச் சிலுவைப் பதக்கத்தைக் குடும்பத்திடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். சிலுவை குழாமுக்குச் சொந்தம். வீரருக்கு ஆயுள் வரைதான்.

அண்மையில் இறந்த வீரர் விகோவின் மனைவி அல்மா, சிலுவையைக் கேட்டு டோவா எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. டோவா கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி போர்ன்ஹோல்ம் தீவுக்கே போனாள்.

"மூணு கடுதாசியா? சிலுவைக்கு என்ன கால் மொளைச்சு ஓடியா போயிடும்?" என்றபடி அல்மா காப்பி ஊற்றினாள். பெட்டியை மேசைமேல் வைத்தாள். "எடுத்துக்கோ. ஒருநாளும் குத்திக்கிட்டதில்ல அந்த மனுஷன். ஆனா பட்டம் வாங்கினப்போ தன்னோட கதைய எழுதிக் குடுத்தாராமே? அத நான் படிக்கணும்."

"அது பூட்டி வச்சிருக்கும்மா. குழாமோட சபை சொன்னாத்தான் எடுக்க முடியும்."

"அப்ப சபையக் கேளு."

விகோ மீட்புப் படகின் தலைவர். ஒரு புயல் நாளில் ஏழு மாலுமிகளைக் காப்பாற்றினார். அதே படகில் துடுப்புப் போட்ட அவர் மகன் ஐனாரை அலை அடித்துக்கொண்டு போயிற்று. ஏழு பேரின் உயிருக்காக விகோ படகைக் கரைக்குத் திருப்பினார். அதற்குத்தான் பட்டம். அதன்பின் இருபத்திரண்டு வருடம் வீட்டில் அவர் மகன் பெயரைச் சொன்னதே இல்லை.

அடுத்த மாதம் சபையின் நால்வர் கூடினார்கள். வாக்கில்லாத டோவா எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒருத்தருக்குத் திறந்தா நாளைக்கு வரிசையில நிப்பாங்க," என்றார் பொருளாளர்.

வாக்கு இரண்டுக்கு இரண்டு. சமமானால் தலைவர் முடிவு. அவர் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நகல் கூடாது. நீ பக்கத்துல இருக்கணும். படிச்சதும் திரும்பக் கொண்டு வா."

மறுபடி தீவு. அல்மா சன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். படகுகள், தேதிகள், காற்றின் திசை. அந்தப் புயல் நாளுக்கு ஒரே வரி: 'ஏழு பேரைக் கரை சேர்த்தோம்.'

அவள் உதடு இறுகியது. "பாத்தியா? கல்லு."

பக்கத்தைத் திருப்பினாள். 'பிள்ளைகள்' என்ற இடத்தில் ஐனார் என்று எழுதி அடித்திருந்தது. மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தது. பேனா தாளைக் கிழித்திருந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், மூன்றாவது முறையாக ஐனார். அதை அடிக்கவில்லை.

அல்மா கிழிசலில் விரலை வைத்தாள்.

"புள்ளைய மறந்துட்டீங்கன்னு அவரத் திட்டினேன்," என்றாள் அல்மா கடைசியில். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தப்போகூட. அவரு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

"அம்மா, இத இங்கயே..." டோவாவுக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. அது அவள் கையில் இல்லை.

"வேணாம். விதி விதிதான்." அல்மா தாள்களை மடிக்காமல் நீட்டினாள், அழுதுகொண்டேதான் நீட்டினாள்.

டோவா அவற்றை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துப் பூட்டினாள். மற்றக் குடும்பங்களிடம் சிலுவையைக் கேட்டு அன்று போக வேண்டியிருந்த கடிதங்கள் எதையும் அவள் அனுப்பவில்லை.