சுவரைத் தாண்டாத பெட்டி

என் வீட்டுக்காரருக்கு எதையும் அளவாக வாங்கத் தெரியாது. கால் படி உளுந்து வாங்கி வரச் சொன்னால் நாலு படியோடு வருவார். ஏன் என்று கேட்டால், கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கால் படி என்று எப்படிக் கேட்பது என்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் இருக்கிறதிலேயே சின்னதாகக் கொடுங்கள் என்று கேட்டுக் கடை ஏறினார். அந்தத் தடவை தென்காசி முழுக்க அலைந்தும் சின்னது கிடைக்கவில்லை.

அறுபத்துமூன்றாம் வருஷம். கொழும்பில் இருந்த இவர் தம்பி ஊருக்கு வந்தபோது அண்ணனுக்கென்று ஒரு கிட்டார் கொண்டுவந்தான். மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் ஒரு இரும்புத் துண்டைத் தேய்த்து வாசிக்கிற ஹவாயன் கிட்டார். அதிலும் மின்சார கிட்டார். சர்ச்சில் பாட்டுக்குழுவோடு இவர் வாசிக்கிற மரக் கிட்டாருக்கு வயிறு உண்டு, தட்டினால் கணீரென்று கேட்கும். இது வெறும் பலகை. ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சேர்க்காமல் வாசித்தால் கொசு அழுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இவருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. சப்ரிஜிஸ்டிரார் ஆபீஸில் நாள் முழுக்கப் பத்திரம் எழுதிவிட்டு வந்து, கம்பியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவருக்கு ஏசுதாசன் என்று பெயர் வைத்தவர்கள் பொறுமையையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். நாலு மாதம் அப்படியே வாசித்தார்.

பெட்டி வாங்க நான் சம்மதிக்காததற்குக் காரணம் வீடு. கலியாணமாகி ஆறு வருஷத்தில் அது நாலாவது வீடு. முதல் வீட்டில் தண்ணீர் இல்லை, இரண்டாவதில் தேள், மூன்றாவதில் வீட்டுச் சொந்தக்காரரின் மச்சான் குடிவர வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். இந்த வீடுதான் வாய்த்தது. கிணற்றுத் தண்ணீர் தித்திக்கும். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அடுத்த தெரு. முதல் மணி அடித்த பிறகு தலையைப் பின்னிக்கொண்டு போனாலும் இரண்டாவது மணிக்கு வகுப்பில் நிற்கலாம்.

முன்கட்டில் சொந்தக்காரர் நமசிவாயம் பிள்ளை, மனைவி மங்களேஸ்வரி ஆச்சி, ஒரே மகள் சொக்கம்மாள். வயலும் கோயில் திருவிழாவில் மண்டகப்படி உரிமையும் உள்ள குடும்பம். பின்கட்டை எங்களுக்கு விட்ட அன்றைக்கே பிள்ளை இரண்டு விரலை நீட்டினார்.

"டீச்சர், எனக்கு ரெண்டே ரெண்டு கண்டிசன். மீன் வாசனை சுவரைத் தாண்டக் கூடாது. சத்தமும் சுவரைத் தாண்டக் கூடாது. மத்தபடி இது உங்க வீடு."

மீனுக்கு வழி கண்டுபிடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செங்கோட்டையில் இவர் அக்காள் வீட்டுக்குப் போய், கொல்லத்திலிருந்து ரயிலில் வருகிற அயிலை மீனைச் சாப்பிட்டுவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு திரும்புவோம். சத்தத்துக்குத்தான் வழியில்லை. நமக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு பெட்டி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், சுவரைத் தாண்டினால் நான் வாசுதேவநல்லூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலில் மைக் செட் மூசாவிடம் போனார். ஊரில் எந்த விசேஷமானாலும் மூசாவின் ஒலிபெருக்கிக் குழாய்தான் வீட்டு முகப்பில் கட்டியிருக்கும். வைத்திருந்ததில் சின்ன பெட்டியே நாற்பது வாட். அதைவிடச் சின்னது வேண்டும், ஒரு அறைக்குள் கேட்டால் போதும் என்று இவர் சொன்னதும் மூசா கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டாராம். "இருபது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன் சார். சத்தம் பத்தலன்னு சண்டைக்கு வந்தவுகதான் உண்டு. கூடிப் போச்சுன்னு வந்த மொத ஆளு நீங்கதான்." உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்றும் அக்கறையாக விசாரித்திருக்கிறார்.

ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது. அங்கே பேரருவிக்குப் போகிற வழியில் பலவேசம் என்பவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், வீட்டில் வைத்து வாசிக்கிற மாதிரி சின்ன வால்வுப் பெட்டி அவரே செய்து தருகிறார் என்று யாரோ சொல்ல, ஒரு சனிக்கிழமை இவர் கிட்டாரோடு கிளம்ப, நானும் கூடவே போனேன். இவரைத் தனியாக அனுப்பினால் நாற்பது வாட்டில் இரண்டு வாங்கி வருவார் என்ற பயம்.

குற்றாலம் வரை போய்விட்டுக் குளிக்காமல் வர முடியுமா. முதலில் அருவிக்குப் போனோம். அந்த வருஷம் நல்ல வரத்து. இவர் எண்ணெய் தேய்த்துவிட்டு அரை மணி நேரம் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்தில் நானும் சளைக்கவில்லை. பிறகு ஈரத் தலையோடு கடைக்குப் போனோம்.

பலவேசம் இரண்டு பெட்டி எடுத்து வைத்தார். ஒன்று பழைய ரேடியோவின் உள்ளே இருந்ததை எடுத்துச் செய்தது, நாலு வாட். தகர டப்பா மாதிரி இருந்தது. இன்னொன்று இருபது வாட். முதலில் சின்னதில் கிட்டாரைச் சேர்த்தார்கள். வால்வு சூடேறிச் சிவந்தது. இவர் இரும்புத் துண்டை இழுத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பலவேசம் சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினார். ஏதோ முனகினது போல இருந்தது. இதற்கு நம் கொசுவே தேவலை என்று நான் சொல்லிவிட்டேன்.

இரண்டாவதை வைத்தார்கள். அது அளவாக, இனிமையாக, பக்கத்தில் யாரோ மெல்லப் பாடுகிற மாதிரி கேட்டது. நான் கடை வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன், கேட்கவில்லை. வாசலைத் தாண்டாதது சுவரைத் தாண்டாது என்று கணக்குப் போட்டேன். பதினோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் நான். திரும்பி வந்து, பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பென்சிலை எடுத்து, திருகு நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோட்டைத் தாண்டினால் நடக்கிறதே வேறு என்று இவரிடம் சொன்னேன். அவர் சத்தியம் செய்தார்.

அருவி பக்கத்திலேயே விழுந்து கொண்டிருப்பதும், எங்கள் நாலு காதிலும் அருவித் தண்ணீர் நிரம்பி இருப்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் பெட்டியை வைத்தோம். திருகு சிவப்புக் கோட்டில் கச்சிதமாக நின்றது. இவர் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இழுத்தார். ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. கிணற்றடியில் மங்களேஸ்வரி ஆச்சி வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டுவிட்டாள். தென்காசியில் அப்போது மொட்டையாக நின்ற கோபுரத்திலிருந்து புறாக்கள் கிளம்பியதாகப் பிறகு சொன்னார்கள். நான் திருகைப் பிடித்துத் திருப்புவதற்குள் இவர் கண்ணை மூடி ஒரு வரி முழுவதும் வாசித்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன் நான் கலியாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அத்தனை சத்தமாகப் பாட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அங்கே விசேஷம். கால் மணி நேரத்தில் தெரு வாசலில் நின்றது. ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆடியில் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் சொக்கம்மாளுக்கு அவசரமாக நிச்சயம் பண்ணுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொல்லாமல் விசேஷம் வைத்துவிட்டார்களே என்று வந்தவர்களுக்கெல்லாம் கோபம். நாலு வீடு தள்ளி இருக்கும் பிச்சுமணி, நாங்க என்ன அசலா என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். பிள்ளை ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமலா மைக் செட் போடுவார்கள், யாரும் நம்பவில்லை.

எல்லாரும் போன பிறகு பின்கட்டுக்கு வந்தார். அவருக்குக் கோபத்தில் குரல் ஏறாது, இறங்கும்.

"ஆடி பொறக்க முன்னால வீட்டக் காலி பண்ணிருங்க, டீச்சர். ஆடில வீடு மாத்தக் கூடாதும்பாவ."

போகச் சொல்வதிலும் மாதம் பார்த்துச் சொன்னார். இவரைத் திட்டவும் முடியவில்லை, கோடு போட்டது நான் அல்லவா. கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஐந்தாவது வீடு, ஐந்தாவது அடுப்பு, ஐந்தாவது தண்ணீர் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அயிலை இறங்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வீடு விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை நான் திரும்பி வரும்போது வாசலில் வில்வண்டி நின்றது.

வந்திருந்தவர் புளியங்குடி தில்லைநாயகம் பிள்ளை, எலுமிச்சை கமிஷன் மண்டிக்காரர். அவர் மகனுக்குச் சொக்கம்மாளைப் பேசி இரண்டு வருஷமாகிறது. தை வரட்டும், காய் வரத்து முடியட்டும், லாரி வந்து சேரட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பிச்சுமணிக்கு வேலை அந்த மண்டியில்தான். கோபத்தில் இருந்தவர் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், நமசிவாயம் பிள்ளை வீட்டில் மைக் செட் போட்டு நிச்சயமே முடித்துவிட்டார்கள், எனக்குக் கூடச் சொல்லவில்லை என்று புலம்பியிருக்கிறார். பெண் கை நழுவிப் போகிறது என்றதும் அவர்களுக்கு அருமை தெரிந்துவிட்டது. ஒரு தட்டு நிறையப் பூவும் தேங்காயுமாக வந்துவிட்டார்கள்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். வேற எடம் முடிஞ்சுட்டுதோ என்று தில்லைநாயகம் பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். எங்கள் நமசிவாயம் பிள்ளை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெற்றிலைக்கு நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். "பேச்சு வாரதுதான்" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் ஆவணியில் கலியாணம் என்று முடிவாகிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எங்களுக்கு ஒரு பொட்டணம் லட்டு வந்தது. கொண்டுவந்தவர் பிள்ளையேதான். நன்றி என்ற வார்த்தை அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. "காலி பண்ணுதது ஆவணி முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்று மட்டும் சொன்னார். புளியங்குடிக்காரர்கள் இரண்டு வருஷமாக அவருக்குச் சொன்ன அதே பதிலை எங்களுக்குச் சொன்னார்.

மறுவாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய்ப் பலவேசத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை. "ஒங்க வீட்டுப் பக்கத்துல அருவி கெடையாதுன்னு நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணும், டீச்சர்" என்றார். அவர் பிறந்து வளர்ந்தது அந்தச் சத்தத்துக்குள்ளேயே. ஊரெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். கொசுவே தேவலை என்று நான் ஒதுக்கிய நாலு வாட் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை நான் குளிக்கவும் இல்லை, பென்சிலை எடுக்கவும் இல்லை.

வீட்டில் அதை வைத்து இவர் இழுத்தபோது அறை நிறையக் கேட்டது. நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன், கேட்கவில்லை. சுவரில் காதை வைத்தேன், கேட்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் இவர் வாசிப்பதை முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். நன்றாகத்தான் வாசிக்கிறார். அதைச் சொன்னால் இன்னொரு கிட்டார் வாங்குவார் என்று சொல்லவில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மூசா இரண்டு குழாய் கட்டினார். சொக்கம்மாள் புளியங்குடிக்குப் போனாள். ஆவணியும் முடிந்தது. புரட்டாசி பிறந்து நாலாம் நாள் பிள்ளை பின்கட்டுக்கு வந்தார். முறுக்குக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் என்று இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன். அவர் கிணற்றடியில் உட்கார்ந்தார்.

"சார்வாள் இப்பம் வாசிக்கிறதே இல்லியோ?"

"தெனமும் வாசிக்காக, அண்ணாச்சி."

"ஒண்ணும் கேக்கலியே."

கேட்கக் கூடாது என்பதுதானே கண்டிசன் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு குரலை இன்னும் இறக்கிக்கொண்டு சொன்னார்.

"மவ இருக்கப்ப ஒரு வளையல் சத்தமாவது கேட்டுக்கிட்டு இருக்கும். இப்பம் நானும் ஆச்சியும்தான், மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம். சாயந்தரம் ஒரு மணி நேரம்... சுவரைத் தாண்டுனாத்தான் என்ன, டீச்சர்."

எனக்குப் பாவமாக இருந்தது. சரி அண்ணாச்சி என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் நாலு வீடு மாறியவளின் வாய் அது.

"நீங்க சொன்னது ரெண்டு கண்டிசன், அண்ணாச்சி. ஒண்ண மட்டும் தாண்ட விட்டா மத்தது மனசு வருத்தப்படும்லா."

அவருக்குப் புரிந்துவிட்டது. முறுக்கை ஒடித்தார், தின்னவில்லை. முன்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு நாலு எட்டு நடந்த பிறகு நின்றார்.

"ஞாயித்துக்கெழமை மட்டும்," என்றார். "கொழம்புதான். பொரிக்கக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை இவரைச் செங்கோட்டைக்கு அனுப்பி, நாலே நாலு அயிலை வாங்கி வரச் சொன்னேன். முழுக் கூடையோடு வந்து இறங்கினார்.