இறங்காத கண்

ஓட்டல் பணிப்பெண், முதியோர் இல்லத்து ஆயா, அழுகிற அம்மா, மறுபடியும் ஓட்டல் பணிப்பெண். எனக்கு வந்த வேஷங்கள் இவ்வளவுதான். மவுண்ட் ட்ரூயிட் புறநகரில் எங்கள் வீட்டு கேரேஜில் சாம்பல் நிறப் போர்வையைத் தொங்கவிட்டு, கைபேசியை ஸ்டாண்டில் மாட்டி, என்னை நானே படம்பிடித்து அனுப்புவேன். நேரில் கூப்பிட்டு நடித்துக்காட்டச் சொல்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. எதிராளியின் வசனத்தைக் கைபேசிக்குப் பக்கத்தில் நின்று யாராவது படிக்க வேண்டும். அவரைப் பார்த்து நாம் நடிக்க வேண்டும். எனக்குப் படித்தவர் என் அண்ணன் சியோசாயா.

அண்ணன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். எவ்வளவு அலுப்பாக வந்தாலும் மாட்டேன் என்றதில்லை. கொலைகாரன் வசனத்தையும் பஸ் நிறுத்தங்களின் பெயரை வாசிப்பதுபோலத்தான் வாசிப்பார்.

இந்தத் தடவையும் ஓட்டல் பணிப்பெண்தான். காணாமல்போன மோதிரத்துக்காக மேனேஜர் அம்மாள் அவளைப் போட்டு உலுக்குகிறாள். இவளுக்கு அந்தக் காட்சியில் இரண்டே வசனம்: 'நான் எடுக்கலை.' 'இன்னும் ஏதாவது கேக்கணுமா?' ஆனால் தொடர் முழுக்க வருகிற பாத்திரம். அப்படி ஒன்று எனக்கு இதற்குமுன் வாய்த்ததேயில்லை. என் ஏஜெண்ட் கேரலின் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல, மெலி."

என் பெயர் மெலியானே. எத்தனை தடவை சொன்னாலும் அவள் வாயில் நுழையாது.

படம்பிடிப்பதற்கு முன்னால், முன்பு அனுப்பிய பதிவுகளையெல்லாம் லேப்டாப்பில் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்த்தேன். நடிப்புப் பள்ளிக்கூடம் போகாதவளுக்கு அவள் முகம்தான் வாத்தியார். அண்ணி காலோ மரவள்ளிக்கிழங்கை உரித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எல்லாத்துலயும் தரையில என்னத்தத் தேடுற? தோட்டைத் தொலைச்சிட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். வசனம் முடிகிற இடத்திலெல்லாம் என் கண் கீழே போய்விடுகிறது. டோங்கா தீவுக்காரர்களான எங்கள் வீடுகளில் அண்ணனும் தங்கையும் கண்ணோடு கண் பார்த்து நிற்பதில்லை, ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்ப்பதுகூட இல்லை. கேமரா ஓடினாலும் அண்ணன் அண்ணன்தானே. அவரும் பாவம், கேரேஜ் கதவைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார். நான் அதை நடிப்பு என்று நம்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். நடிக்க ஆள் தேர்வு செய்கிறவர்களும் அதைப் பார்த்து, இவள் பணிப்பெண்ணுக்குத்தான் லாயக்கு என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

"அண்ணி, கிழங்கை வெச்சிட்டு வாங்க. இன்னிக்கு நீங்க படிங்க."

"எனக்கு மேனேஜர் மாதிரியெல்லாம் பேச வராதே."

"திருடின்னு பட்டம் கட்டணும், அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, உங்கம்மா எனக்குக் கட்டாத பட்டமா."

அண்ணி வெளுத்து வாங்கினாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன். இரண்டு வசனத்தையும் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றேன். கைபேசியை அணைத்ததும் அண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"மோதிரத்தை நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கலாம்னு பாத்தேன்."

அனுப்பினேன். கேரலின் உடனே கூப்பிட்டாள்.

"கண்ணைத் தாழ்த்தணும்னு வசனத் தாள்லயே போட்டிருக்கே, பாக்கலையா? உனக்குன்னு இருக்கிறதே அந்தப் பணிவுதான். அதை நம்பித்தான் உன்னைக் கேக்கறாங்க."

"அது பணிவு இல்ல, கேரலின். எங்க அண்ணனுக்கு நான் குடுக்கிற மரியாதை. ஓட்டல் மேனேஜருக்கெல்லாம் அதைத் தூக்கிக் குடுக்க முடியாது."

"வேற மாதிரி எடுத்து அனுப்பு. இல்ல, வேற ஏஜெண்டைப் பாத்துக்க."

"இதையே அனுப்புங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

போனை வைத்தேன். பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அண்ணன் வாசலில் வந்து நின்று, கதவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் படிச்சதுல ஏதும் தப்பாம்மா?"

"படிச்சதுல தப்பில்லண்ணே. படிச்சது நீங்களாப் போயிட்டீங்க, அதான்."

அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்ப அந்த மேனேஜரம்மாவை நல்லாப் பாரு," என்று கதவிடமே சொல்லிவிட்டுப் போனார்.

கேரலின் அதையே அனுப்பியிருக்கிறாள், முணுமுணுத்துக்கொண்டேதான். அந்த வாரக் கடைசியில் இயக்குநர் வீடியோவில் கூப்பிட்டார். மேனேஜராக நடிக்கப்போகிறவளும் திரையில் இருந்தாள், பேர்பெற்ற நடிகை.

"ஒரே ஒரு தடவை, தாள்ல இருக்கிற மாதிரி கண்ணை இறக்கிச் செய்யலாமா?" என்றார்.

இறக்கினால் வேலை கையில். தெரிந்துதான் சொன்னேன்.

"அவ எடுக்கலையே. எடுக்காதவ எதுக்குக் கண்ணை இறக்கணும்?"

அவர் தாளை ஓரமாக வைத்தார். "சரி, உங்க இஷ்டப்படி செய்யுங்க," என்றார்.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. குரலை உயர்த்தாமலே அவமானப்படுத்தினாள்.

"நான் எடுக்கலை," என்றேன். பார்த்தேன். "இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

'போ, போய் வேலையைப் பார்' என்பது அவளுடைய வசனம். வாயைத் திறந்தாள், வசனம் வரவில்லை. பார்வை என்னிடமிருந்து நழுவித் தாளுக்குப் போனது. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் காத்திருந்தேன், பார்த்தபடியே.

"அந்த வசனம் வேண்டாம், படப்பிடிப்புலயும் வெட்டிடலாம்," என்றார் இயக்குநர். பிறகு என்னிடம் கேட்டார். "மெலியானே. பேரைச் சரியாச் சொல்றேனா?"

"சரியாத்தான் சொல்றீங்க. கேரலினுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."